ஜப்பானில் புதிதாகக் குடியேறுவோருக்குச் சுவைச் சொற்கள்: கரே டப்பா முதல் ராமென் சீட்டு வரை

இனிப்பு, காரம், உப்பு, புளிப்பு ஆகியவற்றுக்கான ஜப்பானியச் சொற்கள் எந்தப் பாடநூலிலும் முதல் சில பாடங்களிலேயே வந்துவிடும். அவற்றை மனப்பாடம் செய்தவர்கள்கூட, காரமாக இருக்கும் என்று வாங்கிய மீனைக் கடித்ததும் உப்புக் கரிக்கிறதே என்று விழிக்கிறார்கள். உப்புக் குறைவு என்று நம்பி எடுத்த சோயா சாஸ் கூடுதல் உப்பாக இருக்கிறது. சொல் எந்தப் பொருளின் மேல் அச்சாகியிருக்கிறதோ அதைப் பொறுத்து அர்த்தம் மாறுவதுதான் காரணம். அதனால் அகராதி வரிசையில் படிக்காதீர்கள். கடை அலமாரி வரிசையில் படியுங்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. முதலில் ஒலி, கூடவே விசைப்பலகை

கீழே ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. சொல்லின் நடுவில் க்க, த்த என்று இரட்டித்திருந்தால் வல்லோசை. க, த என ஒற்றையாக இருந்தால் ‘பகல்’, ‘பந்து’ என்பவற்றில் வரும் மெல்லோசை. ‘தஷி’, ‘தெஸ்’ இரண்டிலும் முதல் த-வுக்கும் அதே மெல்லோசைதான். நெடில், குறில் வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள், ஜப்பானியரின் காதுக்கு அது பெரிய வேறுபாடு.

கைபேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேருங்கள். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. சொல்லை ஒலிப்படி ரோமன் எழுத்தில் தட்டினால் (‘கரய்’ என்பதற்குக் கே, ஏ, ஆர், ஏ, ஐ) அதன் கஞ்சி வடிவம் மேலே வரும். கஞ்சி என்பது இங்கே அவர்களுடைய சித்திர எழுத்து, நம் வீட்டுக் கஞ்சி இல்லை. அந்த வடிவத்தைப் பெரிதாக்கிப் படமாகச் சேமித்து, கடையில் பொட்டலத்தோடு ஒப்பிடுங்கள். கேமரா மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். கரே (ஜப்பானியக் குழம்பு) டப்பாவின் மேல் உள்ள ‘கரக்குச்சி’ (காரம் அதிகம்) என்பதை, மதுவுக்குச் சொல்வது போல ‘உலர்ந்தது’ என்று காட்டும் செயலிகள் உண்டு. ‘கரய்’ என்பதற்கான எழுத்தே ‘ட்ஸுரய்’ (தாங்க முடியாத துன்பம்) என்பதற்கும் வரும். அதனால் ‘சோகமான நூடுல்ஸ்’ என்று மொழிபெயர்ப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது காரமான நூடுல்ஸ்.

2. முதல் வாரத்துக்கான சொற்கள்

- அமய்: இனிப்பு. ஆனால் ‘காரம் குறைவு’, ‘உப்புக் குறைவு’ என்றும் பொருள் தரும்.
- கரய்: காரம், உறைப்பு. உப்பையும் குறிக்கலாம், அடுத்த பகுதியைப் பாருங்கள்.
- ஷொப்பய், ஷியொக்கரய்: இரண்டும் உப்புக் கரிப்பு. தோக்கியோ பக்கம் பேச்சில் முதலாவது அதிகம்.
- ஸுப்பய்: புளிப்பு.
- நிகய்: கசப்பு.
- ஷிபுய்: துவர்ப்பு.
- எகுய்: காறல். சேனையும் சேப்பங்கிழங்கும் சரியாக வேகாவிட்டால் தொண்டையில் அரிக்குமே, அதுதான்.
- உஸுய், கொய்: சுவை ‘சப்பென்று’ இருப்பது, தூக்கலாக இருப்பது.

இவற்றில் துவர்ப்பும் காறலும் நமக்கு எளிது, தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ‘ஷிபுய்’ சொல்லின் அவசியம் அக்டோபர், நவம்பரில் தெரியும். அப்போது கடைகளில் ‘கக்கி’ (பெர்சிமன்) பழம் குவியும். ‘அமகக்கி’ என்றால் அப்படியே சாப்பிடலாம். ‘ஷிபுகக்கி’ என்றால் தோல் சீவி, வெயிலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவதற்கானது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இருக்கும், ஷிபுகக்கியின் விலை பல இடங்களில் குறைவு. மலிவாக இருக்கிறதென்று எடுத்துக் கடித்தால் வாய் முழுக்கப் பஞ்சு அடைத்தது போல் இழுத்துக்கொள்ளும்.

‘ஷியொக்கரய்’ என்பதன் கடைசி ‘ய்’யை விழுங்கிவிடாதீர்கள். ‘ஷியொக்கரா’ என்பது வேறு, கணவாய் மீனை அதன் குடலோடு உப்பில் ஊறவைத்த பண்டம். குளிர்பதனப் பகுதியில் சிறு கண்ணாடிக் குப்பிகளில் இருக்கும்.

வெப்பத்துக்கும் காரத்துக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜப்பானில் ‘ஹொத்தொ’ என்றால் சூடான பானம், அவ்வளவுதான். காரமாக வேண்டும் என்று நினைத்து அதைச் சொன்னால் சுடச்சுடக் காபி வரும். சூடு என்பதற்கு ‘அட்ஸுய்’, குளிர்ச்சிக்கு ‘ட்ஸுமெத்தய்’.

3. ‘கரய்’: அதிகம் ஏமாற்றும் சொல்

அமக்குச்சி (குறைவு), சூக்கரா (நடுத்தரம்), கரக்குச்சி (அதிகம்) என்ற மூன்று படிநிலைகள் எங்கு பார்த்தாலும் கண்ணில் படும் (சூக்கராவின் சூ-வை ‘அச்சு’ என்பதில் வரும் சு போல, ஆனால் நீட்டிச் சொல்லுங்கள்). சில பொருள்களில் இவற்றுக்கும் மேலே ‘ஓக்கரா’ என்று ஒன்று உண்டு. எதை அளக்கிறார்கள் என்பது பொருளுக்குப் பொருள் வேறு.

கரே ரூ கட்டிகளில் (குழம்பில் கரைக்கும் மசாலாக் கட்டிகள்) இது மிளகாய், மிளகுக் காரம். இங்கேயும் பொறி இருக்கிறது: இந்தப் பெயர்கள் அந்தந்த பிராண்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஹவுஸ் நிறுவனத்தின் டப்பாக்களில் காரத்தை 1 முதல் 5 வரை காட்டும் பட்டை உண்டு. அதன்படி வெர்மான்ட் கரேயின் கரக்குச்சி 3, ஜாவா கரேயின் சூக்கரா 4. ஒரே நிறுவனத்திலேயே ஒன்றின் ‘காரம்’ இன்னொன்றின் ‘நடுத்தரத்தை’விடக் குறைவு. எனவே பெயரை விட்டுவிட்டுப் பட்டையைப் பாருங்கள். நம் நாக்குக்கு 5 கூடச் சாதாரணமாகத்தான் இருக்கும். வெர்மான்ட்டின் அமக்குச்சி ஆப்பிளும் தேனும் சேர்ந்த குழந்தைகள் சுவை, சாம்பார் பழகிய நாக்குக்கு அது இனிப்புக் குழம்பு.

உப்பிட்ட சால்மன் மீனில் இதே மூன்று சொற்களும் உப்பைக் குறிக்கும், மிளகாய் துளியும் இல்லை. அமக்குச்சி என்றால் உப்புக் குறைவு. கரக்குச்சி சால்மன் ஒரு துண்டு இருந்தால் ஒரு கிண்ணம் சோறு போய்விடும், அவ்வளவு உப்பு. ‘அமஜியொ’ என்று எழுதியிருப்பதும் குறைந்த உப்புதான், சர்க்கரை போட்ட மீன் இல்லை.

மிஸோவிலும் (நொதித்த சோயா விழுது) கரக்குச்சி என்றால் உப்புத் தூக்கல். அரிசி மிஸோவை எடுத்துக்கொண்டால், கியோத்தோவின் ஸய்க்யோ மிஸோ போன்ற இனிப்பு வெள்ளை வகைகளில் உப்பு சுமார் 5 முதல் 7 சதவீதம், அமக்குச்சியில் 7 முதல் 12, நாகானோவின் ஷின்ஷூ மிஸோ போன்ற கரக்குச்சியில் 11 முதல் 13. கரண்டி அளவை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சூப்பில் உப்பு இரு மடங்காகிவிடும்.

மது வகைகளில் கரக்குச்சி என்றால் இனிப்பு இல்லாதது. 1987-இல் வந்த அஸாஹி சூப்பர் டிரை பீர் கேனிலும் இந்தச் சொல் உண்டு, அதற்கும் காரத்துக்கும் தொடர்பில்லை. நிஹொன்ஷு, அதாவது அரிசி மதுவின் பின்பக்கச் சீட்டில் ‘நிஹொன்ஷுதோ’ என்றொரு எண் இருக்கலாம். கூட்டல் எண் பெரிதாகப் பெரிதாக இனிப்புக் குறையும், கழித்தல் என்றால் இனிப்பு அதிகம். அலுவலக விருந்தில் எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டியதைக் கேளுங்கள்.

ஜிஞ்சர் ஏலில் மறுபடியும் தலைகீழ். வில்கின்ஸன் பிராண்டின் கரக்குச்சியில் உண்மையாகவே இஞ்சி தொண்டையைப் பிடிக்கும். மது அருந்தாதவர்கள் விருந்தில் கேட்க நல்ல பானம் இது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு கண்ணிகள். ‘கரஷி’ என்பது மிளகாய் அல்ல, கடுகு விழுது. ஓதென் (சாற்றில் வேகவைத்த பண்டங்கள்), வறுத்த பன்றி இறைச்சி ஆகியவற்றோடு சிறு பொட்டலமாகத் தருவார்கள். மிளகாய்க்குத் ‘தோகரஷி’ என்று கேளுங்கள். மேசையில் உள்ள சிறு டப்பாவில் ‘இச்சிமி’ என்றிருந்தால் வெறும் மிளகாய்த்தூள். ‘ஷிச்சிமி’ என்றிருந்தால் எள், ஆரஞ்சுத் தோல், ஸன்ஷோ (ஜப்பானிய மிளகு) எல்லாம் கலந்த ஏழு பொருள் தூள். மணம் அதிகம், காரம் குறைவு.

‘கரத்தோ’ என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளாதீர்கள். காரப் பிரியர் என்று தோன்றும், ஆனால் வழக்கில் அது இனிப்பைவிட மதுவை விரும்புகிறவர். இளையவர்கள் சிலர் காரப் பிரியர் என்ற பொருளிலும் சொல்கிறார்கள், மூத்த அதிகாரியிடம் அந்த விளக்கம் எடுபடாது. ‘கரய் மொனோ கா ஸுக்கி தெஸ்’ (காரமானவை பிடிக்கும்) என்றால் குழப்பமே இல்லை. அந்தக் ‘கா’வை ‘அங்கே’ என்பதில் வரும் க போல மென்மையாகச் சொல்லுங்கள்.

காரத்தின் வகைக்கும் தனிச் சொற்கள் உண்டு. மிளகாய் நாக்கில் சுறுசுறுவென்று எரிந்தால் ‘பிரிபிரி’, உணவகப் பட்டியலில் ‘பிரிக்கரா’ என்றால் இலேசான காரம். வஸாபி மூக்கில் ஏறுவது ‘ட்ஸூன்’. ஸன்ஷோவும் சீன மிளகும் நாக்கை மரத்துப்போகச் செய்வது ‘ஷிபிரே’. ‘கெக்கிக்கரா’ என்றால் மிக அதிகக் காரம். அதில் மட்டும்தான் நம் ஆட்களும் தண்ணீர் கேட்பார்கள்.

4. உமாமியும் தஷியும்: சைவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

உமாமி ஒரு சுவை (காளான், சூப் போன்றவற்றில் வரும் நிறைவான ருசி), தஷி அதைத் தரும் சாறு. தஷி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

‘கொம்பு’ கடற்பாசி, ‘ஷீத்தக்கே’ காளான். இவை இரண்டும் சைவம். ‘கட்ஸுவோபுஷி’ புகையிட்டு உலர்த்திய சூரை மீன் சீவல், நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. ‘நிபொஷி’ உலர்ந்த நெத்திலி வகை. ‘அவஸே தஷி’ என்றால் கலவை, பெரும்பாலும் கொம்போடு கட்ஸுவோ. பட்டியலில் கொம்பு பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

தஷி ஒளிந்திருக்கும் இடங்கள்: மிஸோ சூப், ஸொபா, உதொன் நூடுல்ஸின் சாறு, குளிர்ந்த ஸொபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸ், தோஃபு பொரித்துச் சாற்றில் வைக்கும் அகெதஷி, முட்டைச் சுருள், வேகவைத்த காய்கறிகள், கடையில் வாங்கும் ‘மென்ட்ஸுயு’ (நூடுல்ஸ் சாறு). மிஸோ பொட்டலத்தில் ‘தஷி இரி’ என்றிருந்தால் தஷி ஏற்கெனவே கலந்தது, பெரும்பாலும் மீன். ‘யஸய்’ (காய்கறி) என்று பெயரில் வரும் ராமெனும் கரேயும் காய்கறி மேலே போட்டவை, அடிச்சாறு கோழியோ பன்றியோ ஆக இருக்கும். ‘ஷியொ ராமென்’ தெளிவாக, வெறும் உப்புத் தண்ணீர் போலத் தெரியும். அதுவும் இறைச்சிச் சாறுதான்.

லேபிளில் எங்கே பார்ப்பது? ஒவ்வாமைப் பெட்டியை மட்டும் நம்பினால் தவறு நடக்கும். அங்கே கட்டாயம் எழுத வேண்டியவை இறால், நண்டு, கோதுமை, ஸொபா, முட்டை, பால், வேர்க்கடலை போன்றவை. சூரை மீன் அந்தப் பட்டியலில் இல்லை. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவை ‘எழுதினால் நல்லது’ என்ற இரண்டாம் பட்டியலில் உள்ளவை, நிறுவனம் விட்டுவிடலாம். ஆகவே ‘கென்ஸய்ர்யோ’ எனத் தொடங்கும் மூலப்பொருள் வரிகளைப் படியுங்கள். எடை அதிகமானது முதலில் வரும். சாய்கோட்டுக்குப் பிறகு வருபவை சேர்க்கைப் பொருள்கள்.

தேட வேண்டிய சொற்கள்: கட்ஸுவோ, க்யொக்காய் எக்கிஸு (கடலுணவுச் சாறு), ச்சிக்கின் எக்கிஸு, போக்கு எக்கிஸு, க்யூஷி (மாட்டுக் கொழுப்பு), தொன்ஷி, ராடொ (இரண்டும் பன்றிக் கொழுப்பு), ஸெராச்சின் (ஜெலட்டின்). மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கரே ரூ கட்டியில் க்யூஷியை அவசியம் தேடுங்கள். வெர்மான்ட் கரேயில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த எண்ணெய் இருக்கிறது, டப்பாவின் முன்பக்கப் படத்திலோ ஆப்பிளும் தேனும்தான். சாய்கோட்டுக்குப் பின் வரும் ‘சோமிர்யோ, அமினோஸன் தோ’ என்பது உமாமிக்கான சேர்க்கை. அதில் முக்கியமான குளுட்டமேட் பொதுவாகக் கரும்புப் பாகு போன்றவற்றை நொதிக்கவைத்து எடுப்பது, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ‘தன்பக்கு கஸுய்புன்கய்புட்ஸு’ (புரதத்தைச் சிதைத்து எடுக்கும் சுவைப்பொருள்) மட்டும் செடியிலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். கண்டிப்பான சைவர் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

உணவகத்துக்கு ஒரு அட்டை தயாரியுங்கள். ஜப்பானிய எழுத்தில் இருக்க வேண்டும். சக ஊழியர் ஒருவரிடம் எழுதி வாங்கினால் போதும், ‘கொன்பினி’ எனும் சிறு பலசரக்குக் கடையின் நகல் இயந்திரத்தில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். உள்ளடக்கம் இவ்வளவுதான்:

‘நிக்கு, ஸக்கனா, கட்ஸுவோபுஷி, நிக்கு யா ஸக்கனா நோ தஷி வா தபெரரெமஸென். தமகோ தொ க்யூன்யூ வா தய்ஜோபு தெஸ்.’

இறைச்சி, மீன், கட்ஸுவோபுஷி, இறைச்சி அல்லது மீன் தஷி சாப்பிட இயலாது, முட்டையும் பாலும் பரவாயில்லை என்று பொருள். முட்டை சாப்பிடாதவர்கள் ‘தமகோ’வை முதல் வாக்கியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீன் சாறு கணக்கில் வராது. மீன் துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம்தான் என்று நல்ல மனத்தோடே நினைப்பவர்கள் நிறைய.

வேலை எளிதாகட்டும் என்று ‘அரெருகீ’ (ஒவ்வாமை) என்று பொய் சொல்லாதீர்கள். ஒவ்வாமையை இங்கே மிகக் கவனமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே கத்தி என்று யோசித்து, எதுவும் தர இயலாது என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுவார்கள். ‘ஷூக்யோ நோ ரியூ தெ’ (மத காரணத்தால்) என்றால் புரிந்துகொள்வார்கள்.

கேட்பதற்கும் நேரம் உண்டு. பகல் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம், யாருக்கும் உங்கள் அட்டையைப் படிக்க நேரமிருக்காது. 11:30-க்கு முன்போ 1:30-க்குப் பிறகோ போங்கள். பல உணவகங்கள் 2 அல்லது 2:30-லிருந்து மாலை 5 வரை மூடிவிடும். ‘ரஸுத்தொ ஓதா’ என்ற கடைசி ஆர்டர் நேரம் மூடுவதற்கு அரை மணி முன்பே வந்துவிடும். கவலையில்லாமல் சாப்பிட விரும்பினால் கோயில் சமையலான ‘ஷோஜின் ர்யோரி’யைத் தேடுங்கள்: கொம்பு, ஷீத்தக்கே தஷி மட்டும், வெங்காயம் பூண்டும் இல்லை. கோயாஸன் மலையின் கோயில் விடுதிகளில் இதுதான் உணவு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

5. பொட்டலத்தின் மேல் உள்ள ‘குறைவு’ச் சொற்கள்

இவற்றில் சில சட்டப்படி அளவு உள்ளவை, சில வெறும் சுவை வருணனை.

‘முத்தோ’ என்றால் சர்க்கரை இல்லை. பானமானால் 100 மில்லிக்கு 0.5 கிராமுக்குக் கீழே. ‘பித்தோ’ என்றால் 100 மில்லிக்கு 2.5 கிராம் வரை. 185 மில்லி காபி கேனில் அது நாலரை கிராமைத் தாண்டலாம், நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்கவும். ‘கத்தோ’ என்றால் சர்க்கரை சேர்த்தது. தயிர்சாதத்துக்கு வேண்டியது ‘ப்புரேன் யோகுருத்தொ’, அதிலும் முத்தோ. 400 கிராம் டப்பா 200 யென்னை ஒட்டிக் கிடைக்கும். பக்கத்திலேயே அதே நிறத்தில் கத்தோ இருக்கும். மோர்க்குழம்பு வைத்துப் பார்த்தபிறகு கண்டுபிடிப்பது வீண் செலவு.

‘அமஸா ஹிக்கயெமே’ (இனிப்பு அடக்கம்), ‘உஸுஷியொ அஜி’ (மென் உப்புச் சுவை) இரண்டும் நாக்குக்கான வருணனை மட்டுமே, ஊட்டச்சத்துக் கூற்றுக்கான விதி அவற்றுக்குப் பொருந்தாது. உருளை வறுவல் பொட்டலத்தில் உஸுஷியொ என்பதைப் படித்துவிட்டு உப்புக் குறைவு என்று எண்ண வேண்டாம். உண்மையான கணக்கு பின்பக்கம் ‘ஷொக்குயென் ஸோத்தோர்யோ’ என்ற வரியில் கிராமில் இருக்கிறது. ஜப்பானிய அரசின் நாள் இலக்கு ஆண்களுக்கு 7.5 கிராமுக்குக் கீழ், பெண்களுக்கு 6.5 கிராமுக்குக் கீழ். ஒரு கப் நூடுல்ஸைச் சாறோடு குடித்தால் 5 கிராமை ஒட்டிவிடும்.

சோயா சாஸ் அலமாரியில் ‘உஸுக்குச்சி’யை ‘லேசானது’ என்று எடுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. உஸுக்குச்சியில் நிறம்தான் லேசு. உப்பு 18 முதல் 19 சதவீதம், சாதாரணக் கொய்க்குச்சியில் 16 முதல் 17. குழம்பின் நிறம் கருக்கக் கூடாது என்பதற்காகக் கன்ஸாய் (ஒஸாகா, கியோத்தோ வட்டாரம்) பகுதியில் பயன்படுத்துவது அது. உப்புக் குறைய வேண்டுமானால் ‘கென்என்’ என்ற சொல்லைத் தேடுங்கள், அதில் 9 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. ஃபுக்குவோக்கா, ககொஷிமா பக்கம் குடியேறுபவர்கள் சோயா சாஸே இனிக்கிறதே என்று புட்டியைத் திருப்பிப் பார்ப்பார்கள். க்யூஷூவின் அமக்குச்சி ஷோயு அப்படித்தான், இனிப்பூட்டி சேர்த்தது.

ஊருக்கு ஊர் மாறுவதை ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால் நிஸ்ஸின் தொன்பெய் உதொன் கப்பை எடுங்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் சாறு வேறு. மூடியில் சிறியதாக ஈ அல்லது டபிள்யூ என்ற எழுத்து இருக்கும். கிழக்கின் சாறு கறுத்து, கட்ஸுவோ தூக்கலாக. மேற்கின் சாறு வெளிறி, கொம்பு தூக்கலாக.

பழங்களில் ‘தோதோ’ என்று ஓர் எண் ஒட்டியிருந்தால் அது சர்க்கரை அளவு. மிக்கன் ஆரஞ்சில் 12-க்கு மேல் இருந்தால் நல்ல இனிப்பு. தக்காளியில் இந்த எண் 8 என்றிருந்தால் ரசத்துக்கு ஆகாது. விலையும் அதிகம், புளிப்பும் போதாது.

6. கடையில் சொல்லும் வாக்கியங்கள்

காரம் உண்டா என்று கேட்க: ‘கொரே வா கரய் தெஸ் கா?’ காரம் குறைக்க: ‘கரஸா ஹிக்கயெமே தெ ஒனெகய் ஷிமஸ்’. இன்னும் காரமாக்க முடியுமா: ‘மொத்தொ கரக்கு தெக்கிமஸ் கா?’ ஒரு பொருளை விடச் சொல்ல அதன் பெயரோடு ‘நுக்கி’ சேருங்கள்: நெகி நுக்கி (வெங்காயத்தாள் வேண்டாம்), நின்னிக்கு நுக்கி (பூண்டு வேண்டாம்). ஸுஷிக் கடையில் வஸாபி வேண்டாம் என்பதற்கு ‘ஸபி நுக்கி’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

கோக்கோ இச்சிபான்யா போன்ற கரே கடைகளில் எண் சொல்லி ஆர்டர் செய்ய வேண்டும். எண் கூடக்கூடச் சிறு கூடுதல் கட்டணம் வரலாம், ஆர்டர் செய்யும் முன் பட்டியலின் அடியில் பாருங்கள். ஸப்போரோவின் ஸூப் கரே கடைகளிலும் எண்தான். ஆனால் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் 3 இன்னொரு கடையின் 10-க்குச் சமமாக இருக்கலாம். புதிய கடையில் முதல்முறை நடுவில் தொடங்குங்கள், மேசையில் உள்ள மிளகாய்த்தூளால் ஏற்றிக்கொள்ளலாம், இறக்க முடியாது.

ராமெனில், குறிப்பாக யோக்கொஹாமாவில் தொடங்கிய இயெக்கெய் வகைக் கடைகளில், இயந்திரத்தில் எடுத்த சீட்டைக் கொடுத்ததும் ‘ஒக்கொனொமி வா?’ என்று கேட்பார்கள். நூடுல்ஸ், சுவை, எண்ணெய் மூன்றுக்கும் உங்கள் விருப்பம் என்ன என்பது கேள்வி. நூடுல்ஸ் விறைப்பாக வேண்டுமானால் ‘கத்தமே’, சுவை தூக்கலுக்குக் ‘கொய்மே’, மென்மைக்கு ‘உஸுமே’. எண்ணெய் கூடுதலுக்கு ‘ஓமே’, குறைக்க ‘ஸுக்குனமே’. எதுவும் புரியாவிட்டால் ‘ஸெம்பு ஃபுட்ஸூ’ (எல்லாம் வழக்கம்போல்). முதல்முறை சுவையை உஸுமே என்று சொல்வதே நல்லது, இந்த வகை ராமெனின் வழக்கமான அளவே உப்புத் தூக்கல்.

பட்டியலில் ‘அஸ்ஸரி’, ‘ஸப்பரி’ என்றால் இலேசானது, நாக்கில் தங்காதது. ‘கொத்தெரி’ என்றால் கொழுப்பும் கனமும், நல்ல அர்த்தத்தில்தான். அதே கனம் திகட்டினால் ‘அபுரக்கொய்’. சுவையில் ஆழம் இருப்பதைக் ‘கொக்கு’ என்பார்கள். காபியிலும் கரேயிலும் பீரிலும் விளம்பரம் முழுக்கக் கொக்குதான், பறவை தேட வேண்டாம்.

7. நன்றாக இருக்கிறது, பிடிக்கவில்லை

‘ஒய்ஷீ’ எங்கும் செல்லும். ‘உமய்’ அதே பொருள்தான், ஆனால் நண்பர்களுக்குள் பேசும் முரட்டுச் சொல். மேலதிகாரி வீட்டில் வேண்டாம். சாப்பிட்டு முடித்தபின் ‘ஒய்ஷிக்கத்தா தெஸ்’, கிளம்பும்போது ‘கொச்சிஸோஸமா தெஷித்தா’.

‘மஸுய்’ (மோசமான சுவை) என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், வாயால் சொல்லாதீர்கள். சமைத்தவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வது திட்டுவதற்குச் சமம். பிடிக்காததற்குச் ‘சொத்தொ நிகத்தே தெஸ்’ போதும். உணவின் மேல் குற்றம் இல்லை, எனக்குத்தான் ஒத்துவராது என்ற பணிவு அதில் இருக்கிறது. நத்தோ (நொதிக்கவைத்த சோயா பீன்ஸ்), பச்சை மீன் எதற்கும் இதையே சொல்லலாம். மீன் கவிச்சிக்குச் சொல் ‘நமகுஸய்’. அதையும் மனத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மீன் கடையில் மட்டும், கவிச்சி போக என்ன செய்வது என்று கேட்கப் பயன்படும். பெரும்பாலும் உப்புத் தூவி வைத்து, வழியும் நீரைத் துடைத்துவிட்டு, இஞ்சியோடு சமைக்கச் சொல்வார்கள்.

இன்னொரு கரண்டி வேண்டாம் என்பதற்குத் ‘தய்ஜோபு தெஸ்’. சொல்லுக்குப் ‘பரவாயில்லை’ என்றுதான் பொருள், கையை லேசாக அசைத்துச் சொன்னால் ‘போதும்’. கை அசைவு இல்லாமல் சொன்னால் தட்டு மறுபடியும் நிரம்பக்கூடும்.

8. பல்லுக்கான சொற்கள், பயிற்சிக்கான இடம்

ஜப்பானியர் சுவையைப் பேசும்போது பாதி நேரம் பதத்தைத்தான் பேசுகிறார்கள், அதுவும் இரட்டைக் கிளவியில். நமக்கு இது பழக்கப்பட்ட வழி. கரிகரி, பரிபரி, ஸக்குஸக்கு மூன்றும் மொறுமொறுப்பு: முதலாவது கடினமாக, இரண்டாவது அப்பளம் போல மெல்லியதாக, மூன்றாவது பிஸ்கட் போல உதிர்வாக. மொச்சிமொச்சி என்றால் இழுபடும் மென்மை. ஃபுவஃபுவா பஞ்சு. நெபநெபா கொழகொழப்பு: வெண்டைக்காய், நத்தோ, நகய்மோ கிழங்கு. வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்க நாம் வதக்குகிறோம், அவர்களோ அதற்காகவே வாங்குகிறார்கள்.

இத்தனையையும் காசில்லாமல் பயிற்சி செய்ய நல்ல இடம் பெரிய டிப்பார்ட்மென்ட் கடைகளின் அடித்தள உணவுத் தளம், ‘தெப்பச்சிக்கா’. ஊறுகாய், இனிப்பு, தேநீர் விற்கும் இடங்களில் சிறு துண்டு சுவைக்கத் தருவார்கள். தட்டு வெளியில் இல்லாவிட்டால் ‘ஷிஷொக்கு தெக்கிமஸ் கா?’ என்று கேட்கலாம். வார நாள் காலையில் கடை திறந்த முதல் மணி நேரத்தில் விற்பனையாளருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். ஒரே ஊறுகாயின் அமக்குச்சியையும் கரக்குச்சியையும் அடுத்தடுத்துச் சுவைத்துவிட்டு, எது உப்பு, எது மிளகாய் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூலப்பொருள் பட்டியலையும் எடுத்துக் காட்டுவார்கள். சைவர்கள் வாயில் போடும் முன் அதைக் கேளுங்கள். ஊறுகாயிலும் கட்ஸுவோ இருக்கும்.